இரண்டு விரல் இடம்

நீதிமன்றத்தின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறையொன்றில் உட்கார்ந்து பத்தொன்பது வருடமாக வாரண்ட் எழுதுகிறவளுக்குக் கோடக்கா என்று பெயர். யார் வைத்த பெயர் என்று யாருக்கும் தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது வாசல் காவலருக்குக்கூடத் தெரியும். அச்சிட்ட படிவத்தில் எந்த இடத்தை நிரப்பினாலும், கடைசி எழுத்துக்குப் பின்னால் மிஞ்சும் வெற்றிடத்தை ஒரு கோடு இழுத்து அடைத்துவிடுவாள். பிறகு வருகிற எந்தப் பேனாவும் அங்கே ஒரு சொல்லை நுழைக்கக் கூடாது. இந்தப் பழக்கம் வீடுவரை போயிருந்தது. மளிகைச் சீட்டுக்கும் கோடு போட்டு அனுப்புகிறாள், ஒரு சோப்பைக்கூடச் சேர்த்து வாங்க முடியவில்லை என்று அவள் கணவர் கடைக்காரரிடம் புலம்புவார்.

சோதனை வாரண்ட் என்பது அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறக்கும் சாவி. எந்த வீடு, வீட்டில் எந்தப் பகுதி, எந்தப் பொருளைத் தேடி, எந்தத் தேதிக்குள் என்று எழுதியிருக்க வேண்டும். காரணத்தைப் படித்துப் பார்த்து நீதிபதி கையெழுத்துப் போட வேண்டும், முத்திரை விழ வேண்டும். அதற்குப் பிறகு அதில் ஒரு புள்ளி வைக்கவும் யாருக்கும் உரிமை கிடையாது. வைத்தால் ஏழு வருடம்வரை சிறை. அதைச் சொல்லும் சுற்றறிக்கையைத் தன் மேஜைக்கு மேலே பசை தடவி ஒட்டியவளே கோடக்காதான்.

அன்று மதியம் இரண்டரைக்கு அவள் தம்பி வந்தான். சப்-இன்ஸ்பெக்டர். எப்போதும் திறந்தே கிடக்கும் கதவை உள்ளே வந்து சாத்தினான்.

அவன் மேஜையில் வைத்தது மூன்று வாரத்துக்கு முன் அவளே எழுதிக் கொடுத்த வாரண்ட். 'கதவு எண் ஒன்பது, கீழ்த்தளம்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், 'மற்றும் மாடி' என்றும் இருந்தது. அதை அவள் எழுதவில்லை.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஜீப் ஓடிக்கொண்டே நிற்கிறது, சீக்கிரம் என்று தம்பி தோளுக்குப் பின்னால் நின்று பறந்தான். தம்பிதானே என்று அந்த ஒரு நாள் கோடு போடாமல் நீதிபதி அறைக்குக் கொண்டுபோனாள். முகவரிக்குப் பின்னால் இரண்டு விரல் அகலம் காலியாகவே நின்றது. கீழ்த்தளத்தில் ஒன்றும் கிடைக்காமல் அவன் மாடி ஏறியிருக்கிறான். மாடிக் குடித்தனக்காரனின் கட்டிலுக்கடியில் பதினேழு திருட்டுக் கைபேசிகள் கிடைத்தன. இப்போது அந்த ஆளின் வக்கீல், அலுவலக நகலின் சான்றிட்ட பிரதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார். நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். வாரண்டோடு சேர்த்து அன்றே கையெழுத்தான அந்த நகல் அவள் பீரோவில் இருக்கிறது. அதில் மாடி இல்லை.

"அதுலயும் அந்த ரெண்டு வார்த்தைய எழுதிடுக்கா. ரெண்டும் ஒன்னாயிடும். பொருள் அங்க இருந்தது நெசம்தானே?"

"இருந்தது நெசம். மாடிக்குப் போலாம்னு நீதிபதி சொன்னது நெசமில்லையே."

"என் வேலை போயிடும்."

"வேலையோட போனா பரவாயில்ல."

அவன் நிமிர்ந்து சுற்றறிக்கையைப் பார்த்தான். பிறகு 'மற்றும் மாடி'யைத் தொட்டுக் காட்டி மெதுவாகச் சொன்னான். "பாத்தியா, உன் எழுத்து மாதிரியேதான் இருக்கு. யாரு பாத்தாலும் நீ எழுதினதுன்னுதான் சொல்லுவாங்க."

மிரட்டுகிறானா, தைரியம் சொல்கிறானா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எழுத்து அவளுடையதுதான். அவனுக்கு ஐந்து வயதில் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் அவள். மகரத்தின் அடி வளைவு, டகரத்தின் நீண்ட வால், எல்லாம் அவள் கொடுத்தவை. போலீஸ் வேலைக்கு மனு எழுதியபோது இருவரில் யார் எழுதியது என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எழுதினால் இரண்டு பேரும் குற்றவாளிகள். எழுதாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு தாளும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும். முதல் விரல் அவளைத்தான் காட்டும். உண்மையைச் சொன்னால், தூக்கி வளர்த்த கையாலேயே அவனை உள்ளே தள்ள வேண்டும். எலிப்பொறிக்காவது ஒரு வாசல் உண்டு.

பீரோவைத் திறந்து நகலை எடுத்தாள். பேனா தானாகவே அந்தக் காலி இடத்துக்குப் போனது. கோட்டை இழுத்துவிட்டால் அவன் கையும் வராது, தன் கையும் வராது. முனை தாளைத் தொட ஒரு மயிரிழை இருந்தபோதுதான் உறைத்தது: இதுவும் கையெழுத்துக்குப் பின்னால் வைக்கும் கோடு. இதுவும் திருத்தல்தான். பேனாவை மூடினாள்.

வக்கீலுக்கான பிரதியை அந்தக் காலி இடம் அப்படியே தெரியும்படி எடுத்தாள். சான்று எழுதி, முத்திரை குத்தி, வெளியே போகும் காகிதங்களுக்கான தட்டில் வைத்தாள். பிறகு தம்பி கொண்டுவந்த வாரண்டைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அதக் குடுக்கா."

"இனிமே அது உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. நாலு மணிக்கு நீதிபதி அறைக்கு வருவாரு. நீயாப் போய் சொல்லிடுடா. நான் சொல்றதுக்கும் நீ சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. நான் கோடு போடாம விட்டதையும் சேத்துத்தான் எழுதப்போறேன்."

அவன் போகவில்லை. மேஜைக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அந்த அறையிலிருந்து அவனைத் தாண்டாமல் வெளியே போக வழியில்லை. அவள் அறிக்கையை எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. அவன் பெயரை எழுதும்போது மட்டும் பேனாவை உதறி உதறி எழுதினாள். முடிந்ததும் கடைசி வரியின் மிச்சத்தில், ஓரம்வரை, கோடு இழுத்தாள்.

நான்கு மணிக்கு மணி அடித்தது.

"எந்திரிடா" என்றாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே முழங்கால்களை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டான். அவள் தாளை நெஞ்சோடு பிடித்து, ஒருக்களித்து, அவன் தோளில் புடவை உரச வெளியே போனாள்.