கொப்புளம் இல்லாத ஒரு நாள்

தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் போத்தலை, வாய் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கத் தலைகீழாகப் பிடித்தபடி, மண் பரிசோதனை ஐயா சதுப்புக்குள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். காலால் சேற்றை மிதிப்பார். அடியிலிருந்து காற்றுக் கொப்புளங்கள் எழும்பிப் போத்தலுக்குள் ஏறும். போத்தல் காற்றால் நிறைந்ததும் அதன் வாயைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு கரைக்கு வருவார். நான் நெருப்புக்குச்சியைக் கிழித்து நீட்டுவேன். அவர் விரலை எடுத்ததும் வெயிலில் சரியாகத் தெரியாத ஒரு நீலச் சுவாலை ஆடிவிட்டு அணையும். அதைப் பார்த்து ஒருநாளும் அவர் சிரித்ததில்லை. கொப்பியை எடுத்து எழுதுவார்.

சம்பூர்ப் பக்கம், குடாவை ஒட்டியிருந்த கண்டல் சதுப்பு அது. எத்தனையோ காலத்து இலையும் வேரும் மக்கி, ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் படிந்து கிடந்தது. கடல் தண்ணீர் ஏறி இறங்கிய வரையில் இறால் மலிந்த இடம். அரிசித் தட்டுப்பாடு வந்த காலத்தில், அங்கே நெல் விளைவிக்கலாம் என்று யாரோ படம் கீறினார்கள். கடல் தண்ணீர் வரும் வாயில் அணை கட்டி இரும்புக் கதவு போட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தக் கதவைப் பார்க்கும் வேலை கிடைத்தது. அப்போதுதான் கலியாணம் முடித்திருந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படும் எனக்கு, ஆளில்லாத அணைக்கட்டு வேலை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

கதவை மூடிய மாரி கழியுமுன்னே கண்டல் மரங்கள் பட்டுப்போயின. மழைத் தண்ணீர் தேங்கி, சேறு சோறு கொதிப்பது போலக் கொப்புளித்தது. அங்கே இறால் பிடித்துச் சீவித்த அக்கா ஒருத்தி வெறும் பறியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னைத்தான் பிடிப்பாள்.

"தம்பி, உன்ர கதவுக்குள்ள பேய் குசு விடுது. இறாலைக் காணேல்லை. இனி அதைத்தான் அள்ளி விக்கவோ?"

ஒருநாள் அதைக் கேட்டு ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவளுக்கு விளக்கமாகச் சொன்னார். அணை வேலைக்கு மேற்பார்வையாக இருந்த ஓவசியரும் அப்போது பக்கத்தில்தான் நின்றார்.

"பேய் இல்லை அக்கா. கண்ணுக்குத் தெரியாத கிருமியள். மக்கினதைத் திண்டு இந்தக் காத்தை விடுகுதுகள். கடல் தண்ணி வந்துபோனா அந்த உப்போட வாழுற வேற கிருமியள் சாப்பாட்டைப் பறிச்சுப்போடும், இதுகள் அடங்கியிருக்கும். கதவைப் பூட்டி இதுகளுக்கு நாங்களே விருந்து வைச்சிருக்கிறம். இதில நெல்லும் வராது, இறாலும் வராது."

என்னோடு பேசினாலும் அவர் 'நீங்கள்' என்றுதான் பேசுவார். அரசாங்கக் கந்தோர் ஆட்களில் அப்படிப் பேசியவர் அவர் ஒருவர்தான். கதவைத் திறந்துவிட வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். நேரில் பார்த்து முடிவு செய்யப் பெரியவர் ஒருவர் வருவதாகப் பதில் வந்தது. அந்த நேரம் ஐயாவை வேறு வேலைக்கென்று புல்மோட்டைப் பக்கம் அனுப்பிவைத்தார்கள். அவர் போன மறுநாளே ஓவசியர் வந்தார்.

"டேய், கதவைத் திற. தண்ணி நல்லா ஏறி இறங்கட்டும். பெரியவர் வாறதுக்கு முதல்நாள் பூட்டு. ஒரு கொப்புளமும் அவற்ற கண்ணில படக்கூடாது. வெளியில கதைச்சியோ, வேலை இல்லை."

நான் திறந்தேன். ஐயா சொன்னது சொன்னபடியே நடந்தது. நாளுக்கு நாள் கொப்புளம் குறைந்தது. அவர் உண்மையைச் சொன்னார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அந்தச் சாட்சியைத்தான் அவருக்கு எதிராகத் திருப்பினார்கள்.

பெரியவர் வந்த அன்றுதான் ஐயாவும் புல்மோட்டையிலிருந்து திரும்பியிருந்தார்; வந்ததும் தண்ணீருக்குள் இறங்கி மிதித்தார். ஒன்றிரண்டு கொப்புளம் வந்தது. இடம் மாறி மிதித்தார். கரையில் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். "ஐயா கூத்தாடுறார், மத்தளம் ஒண்டுதான் குறை" என்றார் ஓவசியர். ஐயா சட்டென்று நின்று, தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். முகம் மாறியது. கை நிறைய அள்ளிக்கொண்டு பெரியவரிடம் ஓடி வந்தார்.

"ஒருக்கா நாக்கில வைச்சுப் பாருங்கோ சேர். கடல் தண்ணி."

"சேத்துத் தண்ணியை நான் குடிக்கவோ?" என்று பெரியவர் பின்வாங்கினார். எல்லாரும் சிரித்தார்கள். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுங்கோ. கதவு திறந்திருந்ததோ?"

ஓவசியர் என்னைப் பார்த்தார். என் மனைவி அப்போது ஆறு மாதம். "இல்லை ஐயா" என்றேன்.

அவர் கையிலிருந்த தண்ணீர் விரலிடுக்கால் வடிந்து முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி" என்றார். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. பொய் அறிக்கை எழுதியவர் என்று அவரை எங்கோ மாற்றினார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஓவசியருக்குப் பதவி உயர்ந்தது. விதைத்த நெல் மஞ்சளாகி நின்ற இடத்திலேயே கருகியது. மறு வருடமும் விதைத்தார்கள், அதுவும் கருகியது. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. அக்கா பறியை விட்டுவிட்டுக் கல் உடைக்கப் போனாள். படம் கீறியவனை யாரும் கேள்வி கேட்கவில்லை. கூச்சம் என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்ப்பதும் அயோக்கியத்தனம்தான். கூச்சக்காரனுக்குப் பொய் சொல்ல மட்டும் வாய் வந்ததே.

இன்றும் நான்தான் அந்தக் கதவுக்குக் காவல். ஒன்றும் விளையாத நிலம் கொப்புளித்துக்கொண்டு கிடக்கிறது, மாதம் தவறாமல் எனக்குச் சம்பளம் வருகிறது. ஐயா எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் கேட்டதற்கான பதிலை எழுதி வைக்கிறேன்.

ஓம் ஐயா. கதவு திறந்திருந்தது. பதினாறு நாள். நான்தான் திறந்தனான்.