வெல்லக் கலரும் கேட்டுக் கலரும்

எங்க ஊருக்கு ரயில் வரப்போவுதுன்னு பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு ஃபிளெக்ஸ் கட்டினாங்க. அதப் பாத்ததும் எனக்குக் கொமட்டிக்கினு வந்துச்சி. எந்த தேசத்து ரயிலோ தெரியல, பின்னாடி பனி மலை. கல்வராயன் மலையில எந்தக் காலத்துலய்யா பனிக்கட்டி கெடந்துச்சி? கடைக்கு வந்த ஒருத்தன், "ரயிலு சூப்பரா இருக்குல்ல பாய்"ன்னு வேற கேட்டான். கேட்ட வார்னிஷக் குடுத்து அனுப்பி வெச்சேன். அவங்கிட்ட நின்னு பேச எனக்குத் தெம்பு இல்ல.

கள்ளக்குறிச்சியில பெயின்ட் கடை வெச்சிருக்கேன். அது சோத்துக்கு. எனக்குன்னு இருக்கற வேலை வேற. கரி எஞ்சின் காலத்துல, சின்னசேலம் மீட்டர் கேஜ் பாதையில ஓடின கூட்ஸ் பொட்டிங்கள அளவு மாறாம குட்டியா செஞ்சி வெப்பேன். நெஜத்துல ஒரு அடின்னா எங்கிட்ட மூணரை மில்லி. சிம் கார்ட புடுங்கிட்டு தூக்கிப் போடற பிளாஸ்டிக் அட்டைதான் சுவரு. தகட்ட இணைக்கிற ரிவெட்டு ஆணி ஒண்ணொண்ணையும் தையல் ஊசியால பின்பக்கத்துலேர்ந்து குத்தி முண்டா எழுப்பணும். ஒரு முண்டு தள்ளிப் போயிட்டா அந்தப் பக்கம் முழுக்க குப்பைக்குத்தான். எங்க வூட்டுல, "பேரன் ஆடற வயசுல நீங்க பொட்டி வெச்சி ஆடிக்கினு இருக்கீங்க"ன்னுவா. ஆடறதுக்கு இது பொம்மை இல்லன்னு சொல்லிச் சொல்லி என் வாயிதான் வலிக்குது.

எனக்கு எதப் பாத்தாலும் அருவருப்புன்னு ஊருல ஒரு பேரு உண்டு. உண்டுதான். பொம்மைக் கடையில தொங்கற ரயில பாத்தா அருவருப்பு. சக்கரம் வண்டிச் சக்கரம் மாதிரி ஒசரமா இருக்கும், கதவு இருக்கற எடத்துல ஸ்டிக்கரு. கூட்ஸ் பொட்டிக்கு ஜன்னல் போட்டு வெச்சிருப்பான், கடலை மூட்டை வெளிய எட்டிப் பாக்குமா? பொறந்தநாளு கேக்கு ஒண்ணு ரயிலு மாதிரி செஞ்சி வந்துச்சி, எங்க மச்சான் வூட்டுல. எனக்கு ஒரு துண்டு குடுத்தாங்க. பிரேக் லீவரு இல்லாத பொட்டிய எப்பிடி திங்கறது. வெச்சிட்டு வந்துட்டேன்.

இந்த ஜில்லாவுலயே இந்தக் கிறுக்கு புடிச்சவன் என்னைத் தவிர இன்னொருத்தன்தான். உளுந்தூர்பேட்டை ஜங்ஷன்ல டயர் கடை வெச்சிருக்கான். லாரி டயருக்கு நடுவுல ஒக்காந்து, கொடி காட்டற கார்டு ஒக்கார்ற பொட்டிக்கு சேஃப்டி பின்னு கம்பியில கைப்பிடி வளைப்பான். நெறைய வருஷப் பழக்கம். பெருநாளைக்கு எங்க வூட்டு பிரியாணி அவனுக்குப் போவும், பொங்கலுக்கு அவன் வூட்டுக் கரும்பு இங்க வரும். அப்பிடி இருந்தவனும் நானும் பேச்சு வார்த்தை இல்லாம போயிட்டோம். காரணம் கலரு.

நான் சொல்றது, கூட்ஸ் பொட்டி வெல்லக் கலருன்னு. பழைய அச்சுவெல்லம் இருக்கு பாரு, செவப்பும் இல்லாம கருப்பும் இல்லாம, அது. எங்க அத்தாவுக்குக் கடலை மண்டி. சின்னசேலம் கூட்ஸ் ஷெட்டுக்கு அவரு கூடப் போயி நான் கண்ணால பாத்த கலரு. மலையிலேர்ந்து எறங்கின கடுக்காய் மூட்டையும் எங்க கடலை மூட்டையும் ஒண்ணா ஏத்துவாங்க, அந்தப் பொட்டி இன்னும் என் கண்ணுல நிக்குது. அந்தக் கலருக்காக ரெட் ஆக்சைடுல கருப்பும் சாக்லேட்டும் சொட்டுச் சொட்டா ஊத்திக் கலக்கி, எல்லாப் பொட்டிக்கும் அதத்தான் அடிச்சி வெச்சிருந்தேன். அவனுக்கும் ஒரு பாட்டில்ல குடுத்து அனுப்பினேன். அவன் அதத் தொடவே இல்ல. வெறும் ரெட் ஆக்சைடுதான்னு ஒரே புடியா நின்னான். இரும்பு கேட்டுக்கு அடிக்கிறமே, அந்த ரெட் ஆக்சைடு. எனக்குத் தூன்னு துப்பணும் போல இருந்துச்சி. கேட்டுக் கலரத்தான் நான் நாள் பூரா வித்துக்கினு இருக்கேன், ராத்திரி ஒக்காந்து அதையே அடிக்கணுமா?

ஒரு நாளு அவன் கடையிலயே வாய் தடிச்சிப் போச்சி. "பெயின்ட் விக்கிறவனுக்கு பெயின்ட்டு தெரியல"ன்னான். "டயர் ஒட்டறவனுக்கு ரோட்டத் தவிர இன்னாய்யா தெரியும்?"னு நான் கேட்டுட்டேன். வேலை செய்யற பசங்க பாத்துக்கினு இருந்தாங்க. அவன் உள்ள போயிட்டான். அந்தப் பெருநாளைக்கு நான் பிரியாணி அனுப்பல, பொங்கலுக்குக் கரும்பும் வரல. அடுத்த வருஷமும் அப்பிடியே போச்சி. எங்க வூட்டுல, "ஒரு பெயின்ட்டுக்காவயா?"ன்னு கேட்டா. பெயின்ட்டுக்காகத்தான். வேற எதுக்கு சண்ட போடறது.

அப்பதான் கடைக்கு வந்த மோட்டார் மெக்கானிக் ஒருத்தரு போன்ல ஒரு படம் காட்டினாரு. ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கொல்லையில ஆட்டுக் கொட்டாய். படத்த ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்கினேன். கொட்டாய் இல்ல அது, மீட்டர் கேஜ் கூட்ஸ் பொட்டி. சக்கரம் இல்லாம, கல்லு மேல ஒக்காந்துக்கினு இருக்கு. மீட்டர் கேஜ எடுத்தப்ப ஏலத்துல போனதாம். அதுல ஒட்டியிருக்கற பெயின்ட்டு ஒரு செதிலு கெடச்சா போதும். உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டு போயி அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "இப்ப இன்னா சொல்ற?"ன்னு கேக்கணும். அவன் தலை குனியணும், அப்புறம் பிரியாணி அனுப்பிக்கலாம். அதான் என் கணக்கு.

கொல்லைக்காரருக்குப் போன் பண்ணேன். "வாங்க வரலைங்க, விலை பேசவும் வரலைங்க, ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டு மட்டும் போறேன்"னு தெளிவா சொன்னேன். "பெயின்ட் கடை பாயா, தாராளமா வாங்க"ன்னாரு. எதையும் தொடாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஆட்டுக் கொட்டாய போயி எவன் தொடப்போறான்னு விட்டுட்டேன்.

போயி எறங்கினேன். பொட்டி கிளிப்பச்சையில நிக்குது. மூணு பக்கமும் பளபளன்னு எனாமலு. நாலு மூலைக்கும் மஞ்சக் கலரு, மாட்டுக் கொம்புக்கு அடிக்கிற மாதிரி. கதவுக்கு மேல மாவிலை, முன்னாடி கோலம். கொல்லைக்காரரு வேட்டிய எறக்கி விட்டுக்கினு சிரிச்ச மொகமா ஓடியாந்தாரு.

"எப்பிடி இருக்குது பாய்? ஆளு வுட்டு மெஷின் போட்டு சுரண்டினோம். முண்டு முண்டா அசிங்கமா இருந்துச்சி, எல்லாத்தையும் ராவி மட்டமாக்கிட்டோம்."

ரிவெட்ட ராவிட்டாங்க. அந்த முண்டு ஒண்ணொண்ணுக்கும் நான் ஊசி வெச்சிக்கினு கண்ணக் கெடுத்துக்கறேன், இங்க மெஷின் போட்டு மழிச்சி வெச்சிருக்காங்க.

"நான் வாங்க வரலன்னு சொன்னேனே"ன்னேன்.

"வாங்கினா இன்னா, வாங்காட்டி இன்னா பாய். பாக்க வர்றாங்கன்னா மாட்டையே குளிப்பாட்டி கொம்பு சீவி நிறுத்தறோம். அம்மாந்தூரத்துலேர்ந்து ஒரு மனுஷன் வர்றாரு, அவரு முன்னாடி அழுக்கா நிறுத்தலாமா? பெயின்ட்டு கூட உங்க கடையிலதான் வாங்கினோம். பாய் வர்றாரு, அவரு கடையிலயே வாங்குவோம்னு வூட்டுல சொன்னாங்க. உங்க புள்ளைதான் இருந்தாரு. பழச அடி வரைக்கும் சுரண்டிட்டு அடிங்க, அப்பதான் நிக்கும்னாரு."

எம் புள்ள நல்ல வியாபாரி. அவன நெனச்சி அன்னிக்கி எனக்கு வந்த வெறுப்பு மாதிரி எந்த அத்தாவுக்கும் வரக்கூடாது.

உள்ள கூட்டிக்கினு போனாங்க. ஆட்டு மூத்தர நாத்தம், அது மேல ஃபினாயிலு, அது மேல ஊதுவத்தி. கொல்லைக்காரரு சம்சாரம் கையில மோரு குடுத்துச்சி. குடிச்சேன், வேற இன்னா செய்யறது. அவங்க மேல கோவப்படக்கூட வழியில்லாம பண்ணிட்டாங்க. மரியாதையப் போயி எப்பிடித் திட்டறது.

வெளிய வந்து பின்பக்கம் போனேன். அங்க பச்ச அடிக்கல, பெயின்ட்டு தீந்து போச்சாம். மொதல் கோட்டு ரெட் ஆக்சைடு மட்டும் அடிச்சி நின்னுச்சி. கேட்டுக் கலரு. அதப் பாக்கறப்ப உளுந்தூர்பேட்டைக்காரன் நின்னு பல்லக் காட்டற மாதிரியே இருந்துச்சி.

"சுரண்டினத எங்க கொட்டினீங்க?"ன்னு கேட்டேன்.

"எருக்குழியில."

சட்டைக் கைய மடிச்சிக்கினு குழியில எறங்கினேன். ஆட்டுப் புழுக்கை, அழுகின தழை, மாட்டுச் சாணி. முட்டி வரைக்கும் உள்ள போச்சி, ஈ வாயிக்குள்ள வருது. நான் கல்யாணப் பந்தியில பக்கத்து எலைக்காரன் கொழம்ப உறிஞ்சினாலே எழுந்து போயிடற ஆளு. மேல நின்னுக்கினு அந்தம்மா, "வேணாம்ண்ணே, நாத்தம்ண்ணே, இன்னா மோதிரமா தொலைச்சீங்க?"ன்னு கேட்டுக்கினே இருந்துச்சி. வாயத் தொறந்தா மோரு வெளிய வந்துடும்.

மெஷின் ராவினது எல்லாம் தூளாப் போயிருந்துச்சி. ரொம்ப நேரம் கிளறினப்புறம் செதிலு ஒண்ணு கெடச்சிச்சி. மெஷின் போறதுக்கு முன்னாடி உளியால பேத்தது போல, ரூவாக் காசு அகலம், நல்ல கனம். வெளிப்பக்கம் வெல்லக் கலரு. மாஷா அல்லான்னு வாயி விட்டே சொன்னேன். செதிலு மேல சாணி ஒட்டியிருக்கேன்னு கொஞ்சம் தண்ணி வாங்கி கட்டை விரலால தேச்சேன். வெல்லக் கலரு விரல்ல வந்துடுச்சி.

கரி. எஞ்சின் பொகை. அதுக்குக் கீழ கேட்டுக் கலரு.

எனக்கு நம்பிக்கை வரல. அடிக்கோட்டா இருக்கும்னு ஓரத்த ஒடச்சிப் பாத்தேன். அதிரசத்துக்குள்ள தெரியற மாதிரி அடுக்கு அடுக்கா தெரிஞ்சிச்சி. கேட்டுக் கலரு, மெல்லிசா கரி, மறுபடி கேட்டுக் கலரு, மறுபடி கரி. எத்தினி வாட்டி அடிச்சாங்களோ அத்தினி வாட்டியும் அதே கலருதான் அடிச்சிருக்காங்க. செதில எடுத்துக்கினு போயி பொட்டியோட பின்பக்கத்துல ஒட்டி வெச்சிப் பாத்தேன். எங்க கடை ரெட் ஆக்சைடு. எது செதிலு, எது சுவருன்னே தெரியல. எனக்குத் தெரிஞ்சது பெயின்ட்டு இல்ல, அழுக்கு. அழுக்கக் கலக்கி பாட்டில்ல ஊத்தி, அதுக்காக ஒரு மனுஷன அவன் ஆளுங்க முன்னாடி அசிங்கப்படுத்திட்டு வந்திருக்கேன்.

வூட்டுக்குப் போவல. தியாகதுருகம் வந்து உளுந்தூர்பேட்டை பஸ்ஸு ஏறினேன். கை காலு கழுவியும் நாத்தம் போவல. என் சீட்டுல ஒருத்தரும் ஒக்காரல, முன் சீட்டுக்காரரு மூக்கப் பொத்திக்கினு ஜன்னலத் தொறந்தாரு. செதிலு சட்டைப் பாக்கெட்டுல இருந்துச்சி. வழியில எங்கியாவது தூக்கிப் போட்டுடலாமான்னு ஒரு நெனப்பு வரத்தான் வந்துச்சி. எலவனாசூர் தாண்டற வரைக்கும் அதே நெனப்புதான்.

டயர் கடையில ஞாயித்துக்கிழமைன்னு ஆளுங்க இல்ல. அவன் மட்டும் தனியா ஒக்காந்திருந்தான். ரெண்டு வருஷத்துல தாடி நரைச்சிருந்துச்சி. நான் செதில எடுத்து அவன் கையில வெச்சேன். மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கினு ஓரத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"நீ சொன்னதுதான்யா"ன்னேன். "நான் பாத்தது கரி."

அவன் சிரிப்பான்னு நெனச்சேன். திட்டுவான்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல. எழுந்து உள்ள போனான், நானும் பின்னாடியே போனேன். செவுத்து அலமாரியில ஒரு வேட்டித் துணியப் போட்டு மூடி வெச்சிருந்தான், அத இழுத்தான். அவனோட பொட்டிங்க வரிசையா நிக்குது. எல்லாம் வெல்லக் கலரு. கார்டு பொட்டி கூட. என் கலரு, சொட்டுச் சொட்டா நான் கலக்கினது.

"எப்பய்யா அடிச்ச?"

"போன பெருநாளைக்கு முன்னாடி. நீ குடுத்த பாட்டிலு இருந்துச்சில்ல. அடிச்சிட்டு உனக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன். அப்புறம் பண்ண வாய் வரல."

"உனக்குத் தெரியுமில்ல, அது தப்புன்னு?"

"தெரியும்."

எருக்குழியில வந்தத விடப் பெரிய கொமட்டலு எனக்கு அங்க வந்துச்சி, என் மேலயேதான். சரியான கலர அடிச்சி வெச்சிருந்த மனுஷன், நான் வந்து பேசணும்னு தெரிஞ்சே தப்பான கலர அடிச்சி, அதுக்கு ஒரு துணியும் போத்தி வெச்சிருக்கான். "உனக்கு அறிவு இருக்கா? யாரோ ஒருத்தன் பேச்சக் கேட்டு இப்பிடியா எல்லாத்தையும் நாசம் பண்ணுவ?"ன்னு கத்தினேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சி, அது வேற.

"மொதல்ல போயி குளிய்யா. ஆட்டுக் கொட்டாய் மாதிரி நாறுற"ன்னு அவன் லுங்கி ஒண்ண என் மேல தூக்கிப் போட்டான்.

குளிச்சிட்டு வந்து பாத்தேன். பொட்டிங்கள எல்லாம் எறக்கி பேப்பரு மேல அடுக்கி, பெயின்ட்ட அழிக்கிற தின்னரு டப்பாவத் தொறந்து வெச்சிருந்தான். பக்கத்துல தொடைக்கிறதுக்கு ரெண்டு துணி கிழிச்சிப் போட்டிருந்தான்.