பெண்ணைக் கொடுத்த வீடு

போன வருஷம் மேடையில் பதினாலு ஜோடி. இந்த வருஷம் பதினொன்று. விழுப்புரத்தில் எங்கள் ஓய்வூதியர் சங்கம் ஐப்பசியில் ஒரு விழா வைத்து, கல்யாணமாகி ஐம்பது வருஷம் தாண்டியவர்களை மாலை மாற்ற வைக்கிறது. ஜோடியில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் கீழே உட்கார வேண்டியதுதான். ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டை எண்ணியே தலை நரைத்தவன் நான். மேடை ஏறியதும் என் கண் தானாகக் கீழே போய்த் தேடியது. மூன்று பேரும் முன்வரிசையில்தான் இருந்தார்கள், பக்கத்து நாற்காலியில் குடையையோ பையையோ வைத்துக்கொண்டு.

என் மனைவி திண்டிவனத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள். நாலு வருஷமாக அவள் அங்கே எங்கள் மகள் வீட்டில் இருக்கிறாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மகன் பெங்களூரில். நான் விழுப்புரத்தில், மூன்று அறை வீட்டில், ஒரு அறையில்.

நானும் கூடப் போயிருக்கலாமே என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டில் தகப்பன் சாப்பிடுவதில்லை. பேரப்பிள்ளை பிறந்துவிட்டால் சாப்பிடலாம் என்று பலர் தளர்த்திக்கொண்டார்கள். என் அப்பா தளர்த்தவில்லை, நானும் தளர்த்தவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் திண்டிவனம் போவேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சைவ ஓட்டலுக்கு அவள் வருவாள். சுவரோரம் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மேசை. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு சாப்பாடு. அவள் அப்பளம் என் இலைக்கு வரும். எனக்குச் சர்க்கரை என்பதால் என் பாயசம் அவளுக்குப் போகும். பரிமாறுகிறவர் எங்களை என்னவென்று நினைத்தாரோ, ஒரு தடவை அவளிடம், "உங்க கூடப் பொறந்தவரு வந்துட்டாராம்மா?" என்று கேட்டார்.

அவள் மறுக்கவில்லை. "வந்துட்டாரு. ஜல்தியா சோறு போடுங்க, பசி தாங்க மாட்டாரு."

மேடையில் ஒவ்வொரு ஜோடியிடமும் மைக்கை நீட்டி, இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த ரகசியம் என்ன என்று கேட்டார்கள். விட்டுக்கொடுப்பது என்று ஆறு ஜோடி, பொறுமை என்று மூன்று ஜோடி, சாமி புண்ணியம் என்று ஒரு ஜோடி. என் மனைவி மைக்கை வாங்கி, "அவரு விழுப்புரத்துல இருக்காரு, நான் திண்டிவனத்துல இருக்கேன். சண்ட போடணும்னா ஒருத்தர் பஸ் ஏறி வரணும், அதான்" என்றாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், போட்டோவில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. பந்தியில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "அம்மா சூப்பரா சொன்னாங்க சார்" என்றார்கள். நான் சாம்பார் சாதத்தோடு இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அன்று அவளை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அவள் முழங்காலுக்காக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, பிடித்து எழுந்துகொள்ளச் சுவரில் கம்பி அடித்திருந்தேன். விழா முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. நீங்க புடிச்சிக்குங்க, எங்கனா உழுந்துகிழுந்து வைக்கப் போறீங்க."

"ஏம்மே, இங்கயே இருந்துடேன்."

"பொண்ணு இன்னா பண்ணும்?"

"ஆள் வச்சிக்கட்டும்."

"வச்சிப் பாத்தாச்சி. ரெண்டு பேரு நின்னுட்டாங்க. நீங்க அங்க வாங்களேன்."

"பொண்ணு ஊட்ல குந்திக்கினு சாப்புடறதா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"நாலு வருஷமா நான் சாப்புட்டுக்கினுதான இருக்கேன்? நான் அவள பெத்தவ இல்லியா? மானம் உங்களுக்கு மட்டுந்தானா?"

நான் கம்பியில் அடித்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, திரும்பாமலே சொன்னாள்:

"பத்தொம்பது வயசுல ஒரு பொட்டிய தூக்கிக்கினு உங்க ஊட்டுக்கு வந்தேன். வர்றியான்னு என்ன யாரும் கேக்கல. நான் உங்கள கேக்கறேன், அவ்ளோதான்."

புது பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "இனிமே ஓட்டலுக்கு நான் வரல. ஞாயித்துக்கெழம சோறு ஊட்லதான். வர்றதுன்னா வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் வாரத்துக்குள் ஆறிவிடும் என்று இருந்திருப்பேன்.

தினமும் காலையில் போன் செய்து, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள். அந்த வாரமும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனை வைத்தால் மறுநாள் காலை வரை வீட்டில் வேறு குரல் கிடையாது. எதிர்வீட்டு மோட்டார் ஓடும், நிற்கும். அரை டம்ளர் அரிசி வைத்தாலும் மீந்தது. நாலு வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கிறது. ஆனால் அப்போது வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

அந்த ஞாயிறும் பஸ் ஏறினேன். இறங்கியதும் கால் ஓட்டலுக்குத்தான் போனது. அவள் மனசு மாறி வந்திருப்பாள் என்று நம்பினேன் போலிருக்கிறது. பரிமாறுகிறவர் இரண்டு இலை போட்டார்.

"ஒண்ணு போதும்" என்றேன்.

"அம்மா ஊருக்குப் போயிக்கிறாங்களா?"

"இல்ல, ஊட்லதான் இருக்காங்க."

"அப்ப நீங்க இன்னா சார் இங்க வந்து குந்திக்கினு இருக்கீங்க?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவர் சோற்றுக்கு உள்ளே போன நேரம் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு நடந்தேன்.

மருமகன்தான் கதவைத் திறந்தார். "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல முன்கூடத்தில் நாற்காலி போடப் போனார். "சாப்புடத்தான் வந்தேன்" என்றேன். அவர் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். மகள் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். உள்ளே போய்த் தட்டு எடுத்து வந்தாள். கத்தரிக்காய்க் காரக்குழம்பு, ரசம், அப்பளம். மனைவி பரிமாறினாள். வாங்க என்றும் சொல்லவில்லை, வந்துட்டீங்களா என்றும் கேட்கவில்லை. குழம்பில் உப்பு குறைவு. கேட்க வாய் வரவில்லை.

சாப்பிட்டதும் ஆளுக்கொரு மூலையில் படுக்கப் போய்விட்டார்கள். நான் டிவிக்கு எதிரே உட்கார்ந்தேன். அது மருமகன் இடம் என்று தோன்றியது. எழுந்து ஓர நாற்காலிக்கு மாறினேன். புழுக்கமாக இருந்தது. சுவரில் ஆறு சுவிட்சுகள், எது மின்விசிறி என்று தெரியவில்லை. தவறாக எதையாவது அழுத்தி உள்ளே யாரையாவது எழுப்பிவிடுவேனோ என்று சட்டை நனைய உட்கார்ந்திருந்தேன். என் மகள் வீடு அது. விழுப்புரத்து வீட்டில்கூட அத்தனை தனியாக நான் இருந்ததில்லை.

மனைவி வந்து என் சட்டையைப் பார்த்தாள். நாலாவது சுவிட்சைப் போட்டாள்.

"கேக்கறதுக்கின்னா?"

"எப்டி கேக்கறது?"

அவள் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "மொதல்ல அப்டித்தான் இருக்கும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"உங்க ஊட்ல எனக்கு ஒரு வருஷம் ஆச்சி. தண்ணி வேணும்னா கூட யாரு கைல கேக்கறதுன்னு தெரியாம நின்னுக்கினு இருப்பேன்."

ஐம்பது வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. சாயங்காலப் பஸ்ஸுக்கு எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, "அடுத்த வாரம் ரெண்டு வேட்டி எடுத்தாரட்டுமா?" என்றேன்.

"நாலா எடுத்தாங்க" என்றாள். "மழ நாளு, காயாது."