செவலைக்கு அவளை அடையாளம் தெரியாத நாள்

போன ஆவணி மாசம், ஒரு முகூர்த்த நாள். அதியமான்கோட்டையில சொந்தக்காரங்க வூட்டு கிரகப்பிரவேசத்துக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். எங்க வூடு நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். இலையில பாயசம் ஊத்தற நேரத்துல பக்கத்து வூட்டு அக்கா போன் பண்ணி, "உங்க செவலை கன்னு போட்டுருச்சுங்க, சீக்கிரம் வாங்க"ன்னாங்க. அவ்வளவுதான், இவ பாதி இலையில எந்திரிச்சுட்டா. பைக்ல வர்ற வழியெல்லாம் "கொடி விழுந்திருக்குமோ, மாடு தின்னுருக்குமோ"ன்னு என் தோளைப் பிடிச்சு உலுக்கிக்கிட்டே வந்தா.

கன்னு போட்டப்புறம் விழற நஞ்சுக்கொடிய மாடு தின்னுட்டா பால் வத்திரும்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. விழுந்ததும் எடுத்துச் சாக்குல கட்டி ஆலமரத்துல தொங்கவிட்டுருவோம். அதுக்காகவே மாட்டுக் கொட்டாய் வாசல்ல மணிக்கணக்கா காவல் உக்காந்திருப்பாங்க. விழுந்த உடனே வெளிய நின்னே நீளத் தடியால இழுத்துக்கறதுதான் வழக்கம். கன்னு போடற சமயத்துல மாட்டைக் கட்டி வெக்க மாட்டோம், திரும்பிக் கன்னை நக்கணுமேன்னு அவுத்தே விட்டிருப்போம்.

செவலை இவ கையால புட்டிப்பால் குடிச்சு வளர்ந்த மாடு. அவ்வளவு சாது. என் பேச்சைக் கேக்காதவ, அதுங்கிட்ட மட்டும் நாள் பூரா பேசிக்கிட்டு இருப்பா. கொட்டாய்க்குள்ள போறப்ப எல்லாம் சேலைக்கு மேல என்னோட பழைய முழுக்கைச் சட்டையப் போட்டுக்குவா. எங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தான்.

அன்னைக்கு அந்த நெனப்பே அவளுக்கு இல்ல. நான் வண்டிய ஸ்டாண்டு போடறதுக்குள்ள, பட்டுச்சேலையும் தலை நெறைய மல்லியும் கை நெறைய கண்ணாடி வளையலுமா, சாக்கை எடுத்துக்கிட்டு மூங்கில் தடுப்புக்குள்ள நொழஞ்சுட்டா. கன்னு ஈரத்தோட கெடந்துச்சு. கொடி அதுக்குப் பக்கத்துலயே விழுந்து கெடந்துச்சு. இவ போய்க் குனிஞ்சா.

செவலை மூக்கால ஒரு ஊது ஊதுச்சு. அந்தச் சத்தத்தை அதுகிட்ட நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. அடுத்த நிமிசம் இவ சுவத்துல இருந்தா. நெத்திய அவ வயித்துல வெச்சு அழுத்துது. ரெண்டு கொம்பும் இடுப்புக்கு ரெண்டு பக்கமும். தலைய லேசாத் திருப்பினாப் போதும், எல்லாம் முடிஞ்சுது. வளையல் உடைஞ்சு கீழ கொட்டுது. ஐயோ சாமின்னு கத்திக்கிட்டே வாசல்ல கெடந்த தடியை எடுத்து ஓங்கிட்டேன்.

"அடிக்காதீங்க... கத்தாதீங்க..."

அவளுக்கு மூச்சே வரல, உதடு மட்டும்தான் அசையுது. ஓங்கின கை அப்படியே நின்னுருச்சு. பொண்டாட்டி கண்ணு முன்னாடி சாகறா, நான் சும்மா நிக்கறேன். அந்தப் பயத்தை எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

மாடு ஒரு அடி பின்னால போச்சு. இவ சுவத்தோட சரிஞ்சு தரையில உக்காந்துட்டா. மாடு மறுபடியும் தலையத் தாழ்த்தி, மண்ணைக் காலால பறிக்குது. "சட்டை... சட்டையப் போடுங்க"ங்கறா. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம்தான் அவ தினமும் போடற சட்டை தூண்ல தொங்கறதைப் பார்த்து உருவி வீசினேன். அவ அதைத் தலையோட போத்தி, பூவையும் ஜரிகையையும் மறைச்சுக்கிட்டு, "இந்தா செவல... இந்தாடி"ன்னு தினமும் கூப்பிடற மாதிரியே கூப்பிட்டா. குரல் உடைஞ்சுபோய் வந்துச்சு.

செவலை கிட்ட வந்து சட்டைய மோந்துச்சு. அந்நேரம் கன்னு எந்திரிக்கப் பார்த்து தொப்புனு விழுந்துச்சு. மாடு சட்டுனு அதுங்கிட்டத் திரும்பிருச்சு. நான் அவ கையைப் பிடிச்சுத் தடுப்புக்கு அடியில வெளிய இழுத்துப் போட்டேன்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்துட்டு, விலா எலும்பு விரிசல் விட்டிருக்குன்னாங்க, உயிர் தப்பினதே பெருசுன்னாங்க. ராத்திரி பக்கத்து வூட்டு அக்கா போன்ல சொன்னாங்க, நாங்க இந்தப் பக்கம் வந்ததும் கொடிய செவலையே நிம்மதியாத் தின்னு முடிச்சிருச்சாம். கடைசியில பால் ஒண்ணும் வத்தல. எப்பவும் போலத்தான் கறக்குது. இதுக்காடி உசுரைக் குடுக்கப் போனன்னு நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், திட்டிக்கிட்டே அழுதேன். மாட்டை வித்துரலாம்னு சொன்னதுக்கு, "அது பயந்துருச்சுங்க. யாரோ கன்னைத் தூக்க வந்துட்டாங்கன்னு நெனச்சிருக்கும்"னு அதுக்குத்தான் பரிஞ்சு பேசினா.

இப்ப எங்க வூட்டுல கன்னு போட்ட மாட்டுக்கிட்ட கொடிக்காக யாரும் போறதில்ல. அவளைக் காப்பாத்தினது சட்டையா, கன்னுக்குட்டியான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தினமும் காலையில அவ செவலைக்குப் பக்கத்துல குந்திப் பால் கறக்கறப்ப, ஏதோ வேலை இருக்கற மாதிரி தடுப்புக்கு வெளியவே நின்னுக்கிட்டு இருக்கேன். அவ செம்போட எந்திரிச்சு வெளிய வர்ற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இருக்கறதில்ல.