என் தைராய்டுக்கு விழுந்து கும்பிட்டவள்

இன்று டாக்டர் என் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தார்!

(கொல்ல அல்ல, வீக்கம் பார்க்க.)

நாம் ஆளுக்கொரு பக்கம் எழுதிச் சுற்றுக்கு விடும் மடல் இந்த வாரம் என் கையில் இருப்பதால், கல்லூரித் தோழிகளான உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

"மாத்திரைக்கு அடங்கல டீச்சர். தைராய்டை எடுத்துடலாம். இப்படியே விட்டா இதயம் தாங்காது."

"எனக்கு ஏன் வந்தது?"

"உங்க உடம்பே அந்தச் சுரப்பியைத் தூண்டி விடுதுன்னு இப்ப புதுசா சொல்றாங்க."

(சொந்த உடம்பே எதிர்க்கட்சி!)

"எடுத்தா?"

"நடுக்கம், வேர்வை, படபடப்பு எல்லாம் அடங்கிடும்."

மகிழ வேண்டிய செய்தி. என்னால் முடியவில்லை. காரணம் பொன்னி.

மலையடிவாரத்து அமிர்தியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மதிய உணவு சமைப்பவள். மகள் வள்ளி ஏழாவது படிக்கிறாள். அதற்குள் மாப்பிள்ளை பார்த்தாயிற்று.

படிக்கட்டும் என்று எவ்வளவோ சொன்னேன்.

"பாக்கலாங்க டீச்சரம்மா" என்பாள். பார்க்கவே மாட்டாள்.

போன மார்கழியில் ஒரு காலை. ஊரே போர்த்திக்கொண்டு நிற்க, எனக்கு மட்டும் வேர்வை ஊற்றியது. கை உதறியது. கண்கள் வேறு பிதுங்கி நிற்கின்றன. அந்தக் கோலத்தில், "கல்யாணத்தை நிறுத்து!" என்று கத்திவிட்டேன்.

பொன்னி கரண்டியைப் போட்டுவிட்டுக் காலில் விழுந்தாள்.

"ஆத்தா எறங்கிட்டா!"

"ஏய், எழுந்திரு. இது வியாதி. கழுத்துல ஒரு சுரப்பி..."

"மலையேறுற வரைக்கும் ஆத்தா இப்டித்தான் எதாவது சொல்லுவா!"

கல்யாணம் நின்றது! செய்தி பரவ, வீட்டில் நிறுத்திவைத்திருந்த மற்றப் பெண்களும் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள்.

என் பட்டத்தால் ஆகாதது தைராய்டால் ஆனது.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கினால் பொன்னி நிற்கிறாள்.

"டாக்டரு இன்னா சொன்னாருங்க?"

சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"அறுத்துட்டா ஆத்தா போய்டுவாளா?"

"நடுக்கம் போய்டும்."

என் பையை வாங்கிக்கொண்டு கூட நடந்தாள். பிறகு மெதுவாக,

"அப்போ... வள்ளி கல்யாணத்த தையில வெச்சிக்கலாங்களா? மாப்ள வூட்ல இன்னும் கேட்டுக்குனுதான் கீறாங்க."

பாருங்கள்! என் கழுத்தில் கத்தி படுவதற்குள் முகூர்த்தம் பார்க்கிறாள்.

விலங்கியல் படித்தவள் நான். கோயில் வாசலை மிதிக்காதவள். நின்றேன். இருக்கிற கண்ணை இன்னும் பெரிதாக்கினேன்.

"ஆத்தா எங்கயும் போக மாட்டா. அறுத்த தழும்புலயே ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்பா."

பொன்னி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அய்யோ தாயே, நான் ஒண்ணும் கேக்கலீங்க!"

ஆபரேஷனுக்குச் சம்மதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

இந்த மலையடிவாரத்தில் இத்தனை வருடம் உண்மையைத்தான் சொல்லி வந்தேன். அதைக் கேட்டு ஒரு கல்யாணம்கூட நின்றதில்லை.

நீங்களும் வாத்தியார்கள்தானே, உங்கள் ஊரில் எதைச் சொல்லி நிறுத்துகிறீர்கள்?