பொனற்றுக்குக் கீழே இரண்டு கைகள்

நம்பாவிட்டால் போகட்டும், இது நடந்தது. நடந்தது பட்டப்பகலில். சண்டிலிப்பாயில் கராஜ் வைத்திருக்கும் கதிரவேலுவுக்குக் கற்பனை வராது. மனைவி இறந்து ஒன்பது மாதமாகிறது. பசி, கோபம், பயம் மூன்றும் அவளோடே போய்விட்டதுபோல மனிதர் மரத்துப்போயிருந்தார். அதனால்தான் அந்தக் கணத்திலும் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை நினைவில் வைத்திருக்கிறார்.

கார் நிருஷனுடையது. இரண்டு கதவு, இரண்டு சீற், சிவப்பு நிறம். எழுபதுகளில் வந்த ஸ்போர்ட்ஸ் கார். அவனுடைய பெரியப்பா சண்முகநாதன் முப்பது வருடம் ஷெட்டில் பூட்டி வைத்திருந்தது. அவர் கனடாவில் இறந்ததும் இவனுக்கு வந்தது. தாலி கட்டிய கையோடு கீர்த்திகாவை இதில்தான் ஏற்றி வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

கதிரவேலு எஞ்சினை இறக்கிக் கழுவினார். பிளக், கொயில், பெற்றோல் குழாய் எல்லாம் புதிது போட்டார். காலையில் சாவித்துளையில் திறப்பைப் போட்டதும் ஸ்ராட் வந்தது. மத்தியான வெயிலில் சூடானதும் நின்றது. செவ்வாய் 12.17க்கு. புதனும் 12.17க்கு. எஞ்சினுக்குப் பெற்றோல் கலந்துவிடும் காபரேற்றரைக் கழற்றினால் மண்ணெண்ணெய் மணம். அவர் ஊற்றியதோ நல்ல பெற்றோல்.

வியாழக்கிழமை நிருஷன் ஓட்டினான், கதிரவேலு பக்கத்தில். காங்கேசன்துறை வரை போய்த் திரும்பும்போது, றெயில் கடவையில், தண்டவாளத்தின் மேலேயே கார் நின்றது. இருவரும் இறங்கித் தள்ளினார்கள். நாலு நிமிடத்தில் றெயில் போனது. கல்யாண மண்டபத்துக்கும் அந்தக் கடவையால்தான் போகவேண்டும்.

"உந்தக் காரை விடு தம்பி. வேறை கார் பிடி."

"நான் உதிலைதான் போவன் அண்ணை. நிண்டால் பின்னாலை வாற மாப்பிள்ளைத் தோழன் தள்ளுவான். அவனுக்கு வேறை என்ன வேலை?"

கதிரவேலு சிரிக்கவில்லை. இவன் சொன்னால் செய்வான். பக்கத்தில் அந்தப் பிள்ளை கீர்த்திகாவும் இருக்கும்.

சனிக்கிழமை. கல்யாணத்துக்கு நாலு நாள். காரைக் கராஜுக்குள் விட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

12.17. நின்றது.

எஞ்சினை மூடியிருக்கும் பொனற்றைத் தூக்கினார். சின்னப் போத்தலில் பெற்றோல் எடுத்து எஞ்சின் ஓரத்தில் வைத்தார். யுத்த காலப் பழக்கம். பெற்றோல் வராத அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் வர மட்டும் காபரேற்றருக்குள் பெற்றோல் சொட்டுவிட வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் சொட்டுவிடுவார். அவர் கையை எடுத்துச் சொன்ன பிறகே உள்ளே இருப்பவர் திறப்பைத் திருப்பலாம். முந்தினால் சொட்டுவிடுபவர் மேல் நெருப்புப் பாயும்.

அன்று அவர் தனியாள். முதலில் சும்மா ஒருமுறை ஸ்ராட் அடித்துப் பார்ப்போம் என்று உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

தூக்கிய பொனற்றுக்குக் கீழே நாலு விரல் இடைவெளி. அதற்குள்ளால் காபரேற்றர் தெரியும்.

இரண்டு கைகளும் தெரிந்தன.

பெண்ணின் கைகள். போத்தலைச் சரித்துப் பிடித்திருந்தன.

சொட்... சொட்...

பக்கத்து வீட்டுக்காரியாக்கும் என்று நினைத்தார். பிறகுதான் உறைத்தது. காரின் மூக்கு சுவரோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை.

மண்ணெண்ணெய் மணம்.

கை திறப்பில் இருந்தது. ஒரு திருப்பு. அவ்வளவுதான். எல்லாம் முடிந்துவிடும்...

"பொறுங்கோ."

மெதுவான குரல். பொறுத்தார்.

12.21.

சொட்...

12.24.

கைகள் விலகின.

"இப்ப அடியுங்கோ."

அடித்தார்.

எஞ்சின் பிடித்தது. இறங்கிப் பார்த்தார். சுவர். வெறும் சுவர்.

அன்று மாலைவரை எஞ்சின் நிற்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் நடு மத்தியானத்தில் கடவையைப் பத்துத் தரம் கடந்து பார்த்தார். நிற்கவில்லை. புதன்கிழமை நிருஷனும் கீர்த்திகாவும் அதில்தான் வீடு வந்து சேர்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நிருஷனின் தாய் உதயகலா பலகாரத்தோடு கராஜுக்கு வந்தார். கதிரவேலு நடந்ததைச் சொன்னார். உதயகலா மர வாங்கிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அக்காவின் கதையைச் சொன்னார்.

சண்முகநாதன் உதயகலாவின் அக்கா இராசமலரின் கணவர். தொண்ணூற்று மூன்றில் ஒரு மத்தியானம் இராசமலர் சொட்டுவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளே இருந்த சண்முகநாதனுக்கு எங்கோ போக அவசரம். நெருப்பு முகத்துக்கும் நெஞ்சுக்கும் பாய்ந்தது. மூன்றாம் நாள் உயிர் போனது. அதோடு பூட்டிய கார். அது இனி ஓடாது என்று நம்பித்தான் உதயகலா மகனிடம் சொல்லாமல் விட்டாராம்.

"அக்கா பொறுங்கோ எண்டு சொன்னவ. அத்தான் பொறுக்கேல்லை."

கதிரவேலு தலையாட்டினார். பயமாக இருக்கவில்லையா என்று உதயகலா கேட்டார். இல்லை என்றார்.

எழுந்து போகும்போது உதயகலா இன்னொன்றும் சொன்னார். கனடாவில், ஆஸ்பத்திரியில், கடைசி எட்டு நாளும் சண்முகநாதனுக்கு ஆட்களைத் தெரியவில்லை. வலது கையை மட்டும் நீட்டி, காற்றில் எதையோ பிடித்தபடி கிடந்தாராம். மணிக்கு ஒரு தரம் கேட்பாராம்.

"இராசமலர்... இப்ப அடிக்கவோ?"

கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பாராம். பிறகு, திருப்பாமலே கையை இறக்கிவிடுவாராம்.