என் தட்டு மஞ்சளானது

நோயாளிகளின் செல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஆள் ஒருவர் வேண்டும். வெளியே தேடிப்போகச் சோம்பல்பட்டு என் இரத்தத்தையே கொடுத்தேன். பெங்களூரு ஆய்வகத்தில் அதிலிருந்து ஸ்டெம் செல்களை உண்டாக்கி, மாதக்கணக்கில் ஊட்டி வளர்த்து, மிளகளவு மூளைத் திசு உருண்டைகளாக்கினோம். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா அவற்றுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

தட்டில் திசு மிதக்கும் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். மைட்டோகாண்ட்ரியா தடுமாறினால் அமிலம் சேர்ந்து சீக்கிரமே மஞ்சளாகிவிடும். என் தட்டு மஞ்சளானது. பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார் என்று கூட வேலை செய்கிறவரிடம் எரிந்து விழுந்தேன். மறுபடி வளர்த்தோம், மறுபடியும் மஞ்சள். மரபணுவைப் படித்துப் பார்த்தபோது பிழை என்னிடம்தான் இருந்தது. சிலரிடம் அது ஆயுசுக்கும் சும்மா கிடக்கும். சிலருக்குக் காதை மந்தமாக்கும், பிறகு வலிப்பு, பிறகு ஆளையே கொண்டுபோய்விடும். தாய் வழியாகத்தான் இறங்கும்.

எனக்கு மாமா நினைவு வந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. சங்கு குளிக்கிறவர். எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில், கடலுக்குள் இறங்குகிறவரின் கயிற்றை அக்காள் புருஷன்தான் பிடிப்பார். அவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். மாமாவின் கயிறு அப்பா கையில் இருந்தது. மாமாவுக்குக் காது மந்தமானது, வலிப்பு வந்தது, முப்பது தாண்டியதும் செத்துப்போனார். அப்பா ஒருநாள் வெடுக்கென்று மேலே இழுத்ததில் காதும் மூளையும் கெட்டதுதான் காரணம் என்று ஊரே முடிவுகட்டியது. அம்மா அதை விடவேயில்லை.

கல்லறைத் திருநாளுக்கு மகளோடு எங்கள் ஊரான புன்னைக்காயல் போனேன். வருடாவருடம் நடப்பதுதான் அன்றும் நடந்தது. என் மகளைக் கையில் பிடித்தபடி, அம்மா கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே அப்பாவை நிறுத்தினாள்.

"நீங்க உள்ள வர வேண்டாம். கயித்தப் பிடிச்ச கையால அவனுக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டாம்."

அப்பா வழக்கம்போல மதிலோரம் ஒதுங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றின் மேல் தப்பில்லை. நோய் மாமாவுக்கும் அம்மாவுக்கும் அவர்கள் தாயிடமிருந்தே வந்தது, அம்மாவிடமிருந்து எனக்கு. இத்தனை வருடப் பழி தீர்ந்ததே, மனுஷன் அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் உள்ளே, அம்மாவோடு போயிருந்த என் மகளைப் பார்த்தார். "அப்போ பாப்பாவுக்கு?"

அவளுக்கு இன்னும் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. பயம்தான்.

"ஏளா, ஒங்கம்மைகிட்ட சொல்லிராத. அவ தாங்க மாட்டா. நான் இழுத்ததாவே இருந்துட்டுப் போட்டும்."

சொல்லிவிட்டு, இருபது வருடமாக அந்த நாளில் மிதிக்காத வாசலைத் தாண்டி நடந்தார். மாமாவின் கல்லறையருகே குனிந்து பூ அடுக்கிக்கொண்டிருந்த என் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார்.

சற்றுத் தள்ளி நின்ற அம்மாதான் திரும்பினாள்.